பொங்கலுக்குப் போட்ட மாத்திரை

இரண்டு கோடு விழுந்திருந்தது.

ஜெயப்பிரியா பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அந்தக் குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நாலு வருஷத்தில் எத்தனை குச்சி! எல்லாவற்றிலும் ஒற்றைக் கோட்டையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள். இன்றைக்குத் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அவளோ கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் அந்த மாத்திரையால் வந்த பயம்.

ஜெயப்பிரியாவுக்கு மாதவிலக்கு ஒருநாளும் மாதாமாதம் ஒழுங்காக வந்ததில்லை. ஒரு தடவை நாற்பது நாள், அடுத்த தடவை எழுபது நாள், அதற்கு எப்போது இஷ்டமோ அப்போது வரும். நீர்க்கட்டி என்றார் டாக்டர். கல்யாணமான புதிதில் நாள் தள்ளிப்போனபோதெல்லாம் மாமியார் எல்லம்மாள் வாயெல்லாம் பல்லாக உத்திரமேரூர் போய் மாங்காய் வாங்கிவந்தாள். நாலைந்து தடவை ஏமாந்த பிறகு மாங்காயும் நின்றது, சிரிப்பும் நின்றது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றால் மற்ற வீடுகளில் அது ஒரு சேதி. இந்த வீட்டில் அதை யாரும் காதில்கூடப் போட்டுக்கொள்வதில்லை.

இந்த ஆடியில் பிள்ளை வரம் கேட்டுக் குலதெய்வம் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைப்பதென்று முடிவாயிற்று. பங்காளிகள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. வரம் கேட்கிறவளே பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பார்த்து அவள் தூரமாகிவிட்டால்? ஒழுங்காக வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். இவள் எதை எண்ணுவாள்? கடைசியாகத் தூரமாகிக் குளித்து நாற்பது நாளுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. இன்றைக்கும் வரலாம், அடுத்த மாதமும் வரலாம்.

"உனுக்கு எப்ப வரும்னு எந்த ஜோசியக்காரன் சொல்லுவான்?" என்றாள் எல்லம்மாள். "பேசாத மாத்திர போட்டுக்கோ. ஊரே போட்டுக்கினு கீது. கோயிலாண்ட போய் தூரமாயிட்டீனா பங்காளிங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?"

அவளே கடைத்தெருவுக்குப் போனாள். வெல்லம், பச்சரிசி, மஞ்சள், கற்பூரம், அம்மனுக்கு வளையல் எல்லாம் வாங்கிக்கொண்டு, அப்படியே மருந்துக்கடையிலும் ஏறி, "தள்ளிப் போடற மாத்திர குடுப்பா" என்றாள். கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அட்டை அதே பையில் வெல்லத்தின் மேல் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தது.

ஒரு நாளைக்கு மூன்று, ஆறு நாள் போட்டாள் ஜெயப்பிரியா. பொங்கல் அமோகமாக நடந்தது. பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததும் எல்லம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். மாத்திரையை நிறுத்தினால் மூன்று நாளில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. ஒரு வாரமாயிற்று, இரண்டு வாரமாயிற்று. கட்டிதான் பெரிதாகிவிட்டதோ என்று பயந்துபோய், எதற்கும் இருக்கட்டுமென்று வாங்கிய குச்சிதான் இது.

பீரோவில் துணிக்கடியில் மிச்ச மாத்திரையோடு அட்டை கிடந்தது. பெயரைப் பார்த்து செல்போனில் தட்டினாள். கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடக் கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த புருஷன் தமிழ்வாணனிடம் பாதியை மட்டும் சொன்னாள்.

"மெய்யாலுமா? மெய்யாலுமேவா?" என்று அவன் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடிவந்தான்.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டாடா!" என்று எல்லம்மாள் மருமகளின் வாயில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்தாள். "பொங்க வெச்சி முழுசா பதினஞ்சி நாளு ஆவல. பாத்தியா அவ சத்தியத்த!"

ஜெயப்பிரியா சர்க்கரையை மென்று விழுங்கினாள். யாரிடம் போய் இதைச் சொல்வது? பிள்ளை கையோ காலோ குறைந்து பிறந்தால் ஊர் யாரைக் கேட்கும்? வயிறு இவளுடையது, பழியும் இவள் தலையில்தான் விடியும். அடுத்த நான்கு நாளும் பாத்ரூம் போகும்போதெல்லாம் உள்பாவாடையில் கறை இருக்கிறதா என்று பார்த்தாள். வரவில்லையே வரவில்லையே என்று இத்தனை வருஷம் எந்த மாதவிலக்குக்காகக் காத்துக் கிடந்தாளோ, அது வந்துவிடக் கூடாதே என்று இப்போது பச்சையம்மனை வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஸ்கேனுக்குக் காஞ்சிபுரம் போனார்கள். தமிழ்வாணனுக்கு நடவு வேலை, விட்டுவிட்டு வர முடியவில்லை. மாமியார்தான் துணை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமெல்லாம் எல்லம்மாள் அம்மன் மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் திலகா கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்டீங்களா?"

இவள் வாய் திறப்பதற்குள் எல்லம்மாள் முந்திக்கொண்டாள். "ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா. தலவலிக்குக்கூட இவ மாத்திர போடமாட்டா."

பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்தே இல்லை. வெல்லத்தோடும் கற்பூரத்தோடும் பையில் வந்த பொங்கல் சாமான்.

ஜெயப்பிரியா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். இப்போது விட்டால் இனி ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது.

"போட்டேன் டாக்டர்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "நாள் தள்ளிப் போடற மாத்திர. கோயிலுக்காக. ஆறு நாள். ஒரு நாளைக்கு மூணு."

பேனா நின்றது. எல்லம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். இதைப் போய் ஏன் இங்கே சொல்கிறாள் என்கிற பார்வை. டாக்டர், "படுங்க, பார்க்கலாம்" என்றார்.

வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவினார்கள். ஜெயப்பிரியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்? ஐயோ, ஒன்றுமே இல்லையோ?

"கண்ணைத் தொறந்து பாருங்கம்மா. இதோ, துடிக்குது பாருங்க."

திரையில் சின்னதாக ஒன்று விட்டுவிட்டு மினுக்கியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கரு உண்டாகி அஞ்சு வாரம் இருக்கும்" என்றார் டாக்டர்.

எல்லம்மாள் விரலை மடக்கினாள். "பொங்க வெச்சே மூணு வாரம் ஆவலியே டாக்டரம்மா." மறுபடியும் மடக்கினாள். விரல் பாதியில் நின்றது. "அப்ப அன்னிக்கே இது உள்ளாற இருந்துச்சா?"

"இருந்திருக்கு. மாத்திரை போடறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கலாமே?" டாக்டர் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார். பிறகு இவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க. அந்த ஆறு நாளால பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு இப்பவே என்னால சொல்ல முடியாது. அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல உறுப்பெல்லாம் தெளிவா பார்த்துடலாம்."

வெளியே பெஞ்சில் எல்லம்மாள் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வயித்துல வெச்சிக்கினே வரம் கேக்கப் போனமேடி" என்றாள். "எங் கையால நானே வாங்கியாந்து குடுத்தனே. இன்னா பாவி நான்!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பிரியா, எம்புள்ளகிட்ட சொல்லிடாத கண்ணு. அவன் என்னிய மன்னிக்கவே மாட்டான்."

நாலு வருஷமாக இந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தால் ஜெயப்பிரியாவுக்குச் சோறு இறங்காது. அவளா இப்படிக் கெஞ்சுகிறாள்? கோபம் வரத்தான் செய்தது. 'எல்லாம் உன்னாலதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி மொத்தமும் இடம் மாறிவிடும். நுனி நாக்குவரை வந்த வார்த்தையை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன் அத்த. முழுங்கனது நான்தான?" என்றாள். "ஆனா அஞ்சாம் மாசம் ஸ்கேனுக்கும் நீங்கதான் வரணும். அதுவரிக்கும் ஒண்டியா பயந்துக்கினு கெடக்க என்னால முடியாது."

எல்லம்மாள் தலையை ஆட்டினாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று முணுமுணுத்து விரலை மடக்கினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.