எதிர்வீட்டுத் தூக்குச்சட்டி

செண்பகவல்லியின் கணவர் மகாராஜன் மஸ்கட்டில் வேலை பார்த்தார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்டர்நெட் வயர் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவார். டிவிக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து முதலில் தலை வரும். அப்புறம் மற்றதெல்லாம் வரும். மழை நாளில் கொஞ்சம் தாமதமாகும். அதில் யாருக்கும் குறை இல்லை.

எதிர்வீட்டு ஜெசிந்தாவுக்கும் அதே இன்டர்நெட் கம்பெனி லைன்தான். பெங்களூரில் நர்சிங் படிக்கும் அவள் மகள் மெர்லின், அதே நேரத்துக்கு வந்து ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு போவாள். இடுப்புவரைதான் வருவாள். படிக்க வேண்டியது நிறைய இருக்கிறதாம்.

தொந்தரவு ஒரு பாட்டால் வந்தது. போன வாரம் ஜெசிந்தா அதைத் தூக்குச்சட்டியில் போட்டு, தட்டால் மூடிக் கொடுத்தாள். காசு கொடுத்து வாங்கிய பாட்டு இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாகரிகமும் இல்லை. செண்பகவல்லி பாட்டை அரிசி டிரம்முக்குள் வைத்து, வேலை ஓய்ந்ததும் மூடியைத் திறந்து கொஞ்சம் கேட்பாள். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே. பதிலுக்கு ஒரு நல்ல பாட்டு கிடைக்கட்டும் என்று அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கம்பெனியிலிருந்து பொன்னுத்துரை வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காதை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அது கம்பெனிக் காது. அவருடைய இரண்டும் அவரிடமே இருந்தன.

"இந்த வீட்டுல திருட்டுப் பாட்டு இருக்குன்னு தெரிய வருது மேடம்."

"யாரு சொன்னா?"

"சொன்னவங்க சொன்னாங்க."

செண்பகவல்லி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கீழ்வீட்டு வாத்தியாரா? பால்காரரா? பாட்டைக் கொடுத்த ஜெசிந்தாவேதானா? யோசிக்க யோசிக்க எல்லோருடைய முகமும் சொல்லிக் கொடுத்த முகமாகவே தெரிந்தது.

"அரிசி டிரம்முல அரிசிதான் இருக்கு," என்றாள்.

அவர் டிரம்மைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாயிற்று. மேஜைமேல் இருந்த காது மெல்லத் திரும்பி அடுக்களைப் பக்கம் பார்த்தது.

"குடுத்தது யாருன்னு பேரச் சொல்லுங்க. ஒங்க லைன் இருக்கும்," என்றார் பொன்னுத்துரை. "ஏதாவது ஒரு லைன வெட்டாம நான் ஆபீசுக்குப் போக முடியாது."

"எனக்குத் தெரியாது."

பெட்டியிலிருந்து மகாராஜனின் தலை வந்தது. தோள் வந்தது. தொப்பை வந்தது. பொன்னுத்துரை கட்டிங் பிளேயரை எடுத்து வயரைக் கவ்வினார். மகாராஜனின் இடுப்புக்குக் கீழே இன்னும் வயரில்தான் இருந்தது.

"விருந்தாளியா?" என்றார் மகாராஜன். "சாப்பிட்டாரா?"

"டூட்டில சாப்பிடக் கூடாது சார்."

"அப்ப வீட்டுக்குக் குடுத்து விடு செம்பா."

செண்பகவல்லி அடுக்களைக்குப் போனாள். அவளுக்குப் புருஷன் முழுசாக வேண்டும். ஜெசிந்தாவைக் காட்டிக் கொடுக்கவும் வாய் வரவில்லை. கைக்கு எட்டிய தூக்கில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, தட்டால் மூடி, பொன்னுத்துரையிடம் நீட்டினாள்.

அவர் சட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிளேயரைப் பையில் போட்டார். காதையும் எடுத்துக்கொண்டார்.

"இது போதும் மேடம்."

சொதி வாசனைக்கு மனுஷர் இளகிவிட்டார் என்று அவள் நினைத்தாள். மகாராஜனின் கால்களும் வந்து சேர்ந்தன. அவர் கை கழுவி உட்கார்ந்தபோது எதிர்வீட்டில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சட்டியின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. தே. ஜெசிந்தா, பாளை.

"நம்ம வீட்டுல வேற பாத்திரமே இல்லையா?" என்றார் மகாராஜன், சோற்றைப் பிசைந்தபடி.

அலமாரியில் அவள் பேர் வெட்டிய தூக்குகள் வரிசையாக இருந்தன. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அது ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. யார் யாரையோ சந்தேகப்பட்டவளுக்கு இதன்மேல் சந்தேகம் வராமல் போயிருந்தது.

மறுநாள் பொன்னுத்துரை சட்டியைக் கொண்டுவந்தார்.

"வெறுஞ்சட்டியாக் குடுக்கக் கூடாதுல்லா. அந்த வயர்ல மிச்சம் கெடந்ததப் போட்டிருக்கேன்."

அவள் திறந்து பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டு வாசலுக்கும் நடுவே நாலு எட்டுதான். அன்று நடை நீண்டுகொண்டே போனது. வழியில் ஒரு தபால்காரர் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் பாதி தூரம் இருக்கிறது என்றார். அவள் கையிலிருந்த சட்டியை அவரும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

ஜெசிந்தா பெட்டிக்கு முன்னால் சீப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, ஒங்க தூக்கு."

ஜெசிந்தா தட்டை எடுத்தாள். உள்ளேயிருந்து மெர்லினின் குரல் வந்தது.

"அம்மா, ஒரு சடதான் போட்டிருக்கு."

"இரு மக்ளே," என்று ஜெசிந்தா சீப்பைச் சட்டிக்குள் விட்டு, சிக்கு விழாமல் மெதுவாகச் சீவ ஆரம்பித்தாள்.

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அது உண்மைதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை.

"வந்தவரு சொன்னாரு," என்றாள். "சொதி நல்லா இருந்துச்சாம்."