மூக்கக்காவும் மீட்டர் அலமாரியும்

அந்தக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் சொல்வார்கள். மூக்கு பெரிது என்பதால் அல்ல, கூர்மை என்பதால். கீழ்வீட்டில் பால் அடிப்பிடித்தால் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடித்தது அவர் மனைவிக்குத் தெரியவந்ததே இவளால்தான். அந்த மனிதர் இன்றைக்கும் இவளோடு லிஃப்டில் ஏறமாட்டார். அவர் பயம் அவருக்கு.

கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்காமலே போய்விட்டது. தம்பியைப் படிக்க வைத்தாள், ஆளாக்கினாள், பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். வந்தவள் நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் மூக்கக்காவுக்குப் பெரிய குறை. வங்கியில் வேலை, வண்டி ஓட்டத் தெரியும், குழாய் ஒழுகினால் அவளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு சாவியாக வீடு அவள் கைக்குப் போயிற்று. அப்படியும், பால் கெட்டுவிட்டதா, எண்ணெய் சிக்கடிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அவள் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு மூக்கக்காவிடம்தான் வருவாள். "அண்ணி, நீங்க ஒரு தடவை மோந்து பார்த்துச் சொல்லுங்க" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் மூக்கக்காவின் ராஜ்ஜியம் முழுதும் அடங்கியிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, மண்ணெண்ணெய், மல்லிகைப்பூ எல்லாம் ஒன்றுபோல வெறும் காற்றாகிவிட்டன. டாக்டரிடம் போனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால் வீட்டுக்குத் தெரியும். அதனால் போகவில்லை. பால் திரிகிறதா என்று கண்ணால் பார்த்தாள், எண்ணெயை நாக்கில் தொட்டுப் பார்த்தாள், அடுப்பில் கருகுவதைக் காதால் கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை, சாப்பிட வருகிறவர்கள் உங்களை நம்புகிறவர்களாக இருந்தால்.

குழந்தை பிறந்தபோதுதான் மனசு உடைந்தது. தம்பி மகள், மூக்கும் முழியுமாக இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவள் உச்சந்தலையை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். மூக்கக்காவும் குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. "பால் வாசனை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

அந்த வீட்டில் வாசல் கதவைத் தாண்டியதும் ஒரு குறுகலான நடை. அதன் சுவரில் ஒரு மர அலமாரி. சிலிண்டர் இல்லாமல் குழாய் வழியாகவே வீட்டுக்கு வரும் கேஸின் மீட்டரும் குழாய் மூட்டுகளும் அதற்குள்தான். ஒருநாள் காலையில் தம்பி பெண்டாட்டி அங்கே நின்று மூக்கைச் சுளித்தாள். அழுகின முட்டை மாதிரி ஏதோ நாறுகிறது என்றாள். மூக்கக்கா அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தாள். எல்லோரும் செய்வதுபோலத்தான் செய்தாள். 'எனக்குத் தெரியலம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வார்த்தை அவளுக்கு வரவில்லை.

"ஒண்ணுமில்ல. பிள்ளை பெத்த உடம்பு, மூக்கு கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் ஏமாத்தும்" என்றாள்.

தம்பிக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. அவனைக் கேட்டதற்கு, அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். சில நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி சொன்னபோது மூக்கக்காவுக்கு எரிச்சல் வந்தது. சுவருக்குப் பின்னால் போகிற கழிவுக்குழாயின் நாற்றம்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். அலமாரிக் கதவில் காற்றுப் போவதற்காக இருந்த ஓட்டைகளில் பழைய துணியைத் திணித்து இறுக அடைத்தாள். இப்போது வருகிறதா என்று கேட்டாள். கம்மியாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெண் இழுத்தாள். மூக்கக்கா ஜெயித்துவிட்டாள்.

கேஸ் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தது இந்தச் சமயத்தில்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பெட்டி, நிதானமான ஒரு பெண். மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணை நாங்களே சொல்லிவிடுகிறோம் என்று மூக்கக்கா கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள். எண் மட்டும் போதாது, மீட்டரையும் குழாய் மூட்டுகளையும் பார்க்க வேண்டும், இணைப்புக் கொடுத்த கம்பெனிக்கு அந்த உரிமை உண்டு என்று அவள் விளக்கினாள். குழந்தை தூங்குகிறது என்று மூக்கக்கா கதவைச் சாத்தினாள். அடுத்த முறை வந்தபோது வீட்டில் ஆம்பிளை இல்லை என்றாள். வாழ்நாளில் எந்தக் காரியத்துக்கும் ஓர் ஆம்பிளைக்காகக் காத்திருக்காதவள் சொன்ன சாக்கு அது.

பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது. தொடர்ந்து மறுத்தால் கோர்ட் அனுமதி வாங்கி, பூட்டுக்காரனோடு வருவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மீட்டர் அவர்களுடையது, பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று தம்பி கெஞ்சினான்.

"அவங்களோடதுன்னா அவங்க வீட்டுல மாட்டிக்கட்டும்" என்றாள் மூக்கக்கா. தம்பி சிரித்துவிட்டான். தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கக்காவின் கோபம் கம்பெனி மேல் இல்லை. நல்ல மூக்குள்ள அந்நியர் ஒருவர் அந்த நடைக்குள் கால் வைப்பதுதான் அவளுக்குப் பயம். அலமாரிக்குள் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், நடுவில் ஒரு முறை, ஒருவேளை இருந்துவிட்டால் என்று நெஞ்சு திக்கென்றது. இருந்தால் எனக்குத் தெரியாமலா போகும் என்று அதையும் அடக்கினாள். தெரியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் புரியவில்லை, அவ்வளவு வெட்கங்கெட்ட பொய் அது.

மூன்றாம் முறை மணி அடித்தபோது தம்பி வீட்டில் இல்லை. உள்ளறையில் தம்பி பெண்டாட்டி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மூக்கக்கா சண்டைக்குத் தயாராகக் கதவைத் திறந்தாள். வந்திருந்தது அதே கம்பெனிப் பெண்தான். அந்த மீட்டர்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்தினாள். அவள் மூக்கு விடைத்தது.

"என்ன மோந்து பார்க்கறே? என் வீடு நாறுதா?" என்று மூக்கக்கா கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "இவ்வளவு நாளா நீங்க விட்டாத்தான் நான் உள்ள வர முடியும்னு இருந்துது. இனிமே உங்களைக் கேக்க வேண்டியதில்ல. தள்ளுங்க."

அந்த நடை பகலிலும் இருட்டு. கேஸ் அலமாரியைத்தானே பார்க்க வேண்டும், பார்த்துத் தொலை என்று மூக்கக்கா விளக்குச் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். மீட்டர்காரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. அப்போதுதான் மூக்கக்காவுக்கு எல்லாம் புரிந்தது.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஜன்னல்கள் திறக்கப்பட்டன, குழாய் மூடப்பட்டது, மணியை அடிக்காமல் கதவுகளைத் தட்டி மாடி முழுவதையும் படி வழியாகக் கீழே இறக்கினார்கள். தம்பி பெண்டாட்டி செருப்புக்கூடப் போடாமல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மூக்கக்கா பின்னால் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர் தடுமாறிய அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைப் போய் அவள் அன்றைக்குக் காட்டிக்கொடுத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து மீட்டர்காரி முற்றத்துக்கு வந்தாள். பழைய மூட்டு ஒன்று மெல்லக் கசிந்துகொண்டிருந்ததாம், அதை மாற்றிவிட்டாளாம். வெளியே போயிருக்க வேண்டிய கேஸ் அலமாரிக்குள்ளேயே தேங்கியிருந்ததாம். விளக்குச் சுவிட்சில் தெறிக்கிற ஒரு பொறி போதும், எல்லாம் பற்றிக்கொண்டிருக்கும் என்றாள். அவள் கையில் அந்தத் துணி இருந்தது. மூக்கக்காவின் பழைய சேலைத்துண்டு, பூப்போட்டது, மாடியில் எல்லோருக்கும் தெரிந்த சேலை.

"இத்தனை நாள் வாசனை அடிச்சிருக்குமே. வீட்டுல ஒருத்தருக்குமா தெரியல?"

கூட்டம் முழுவதும் திரும்பி மூக்கக்காவைப் பார்த்தது. குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது, வெறும் ஆச்சரியம். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவள் நின்றாள். பதில் சொன்னது தம்பி பெண்டாட்டி.

"எனக்கு அடிச்சுது. ஆனா அண்ணிக்கு அடிக்கல. அண்ணி மூக்கு தப்பாது. அதனால எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். இல்லாத நாத்தமெல்லாம் அடிக்குதுன்னு டாக்டர்கிட்டக்கூடப் போய்ச் சொன்னேன். மாத்திரை கொடுத்திருக்கார்."

மாத்திரை. மூக்கக்கா அந்த மாத்திரையைப் பார்த்திருக்கிறாள். சத்து மாத்திரை என்று நினைத்து, சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"அவ மூக்குல ஒரு கோளாறும் இல்ல" என்றாள் மூக்கக்கா. யாரையும் பார்க்காமல், அந்தத் துணியைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத்தான் வாசனையே தெரியாது. காய்ச்சல் வந்ததுலேர்ந்து எதுவும் தெரியாது. குழந்தை தலைகூடத் தெரியாது. தெரியலன்னு சொல்ல அவமானமா இருந்துது."

தன்னை யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று அவள் நின்றாள். தம்பி பெண்டாட்டி திட்டவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். குழந்தை இப்போது மூக்கக்காவுக்கு எட்டாத பக்கம் இருந்தது.

மறுநாள் காலை மூக்கக்கா பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தம்பி பெண்டாட்டியிடம் போனாள். அடுப்படியில் அவள் தனியாக நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க ராத்திரி முழுக்க வார்த்தை தேடியும் கிடைக்காததால், மூக்கக்கா இதையே மன்னிப்பாக ஏந்திக்கொண்டு வந்திருந்தாள்.

"இனிமே நீதான் மோந்து பார்த்துச் சொல்லணும்" என்றாள்.

அவள் பாத்திரத்தை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அடுப்பில் வைக்கப் போனவள் நின்றாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு பயந்த கண்ணோடு மூக்கக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு, அண்ணி?"

மூக்கக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.