காந்திமதியின் நெற்றி

நெற்றி திரை முழுக்க விரிந்து கிடக்கிறது, புருவம் இல்லை, முடியின் கரை இல்லை, இரண்டு விரலால் அகட்டி அகட்டிப் பெரிதாக்கியதில் வெறும் தோல் மட்டும் மிச்சம், மாநிறமும் சாம்பலும் கலந்த பொடிப்பொடிக் கட்டங்களாக, அதன்மேல் அகிலாவின் ஆள்காட்டி விரல் தொடாமல் நிற்கிறது, போன் ஆப்பில் சிவப்பு எடுத்தாயிற்று, வட்டத்தின் அளவு வைத்தாயிற்று, ஒரு தொடல் போதும், பொட்டு விழுந்துவிடும், ஆனால் காலையிலிருந்து விரல் இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அடுப்பில் குக்கர் ஆறிப்போய்விட்டது, துணி ஊறியபடி கிடக்கிறது, திருச்சியிலிருந்து அண்ணன் ரயிலில் வந்துகொண்டிருக்கிறான், அம்மாவின் முதல் வருஷத் திதிக்குக் கூடப்பிறந்தவளைப் போனில் கூப்பிடுவது மரியாதையில்லை என்று நேரில் அழைக்க வருகிறான், வந்த கையோடு படத்தை வாங்கிப்போய் ஃபிரேம் போடக் கொடுப்பான், அப்பாவும் அம்மாவும் ஜோடியாக, அம்மா நெற்றியில் பொட்டோடு. அந்தப் பொட்டில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு வாரமாகப் பேச்சு தடித்துக் கிடக்கிறது.

அப்பா சபாபதி போனபோது அகிலா கைக்குழந்தை, மஞ்சள் காமாலை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் பார்த்த வேலைக்குப் பதிலாக அம்மாவுக்கு அங்கேயே ஸ்டோரில் ஒரு வேலை கொடுத்தார்கள், நெற்றியில் இருந்ததை எடுத்துவிட்டார்கள், அண்ணன் தாயுமானவனுக்கு அப்போது விவரம் தெரிந்த வயசு, அம்மாவைப் பொட்டோடு பார்த்தவன் அவன், அகிலா பார்த்ததில்லை, கல்யாணப் போட்டோவையும் கரையான் தின்றுவிட்டது. போன வருஷம் அம்மாவின் காரியத்துக்கு ஃபிரேம் கடைக்காரர் அவசரத்தில் ஒரு ஜோடிப் படம் செய்து கொடுத்தார், அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப் அடையாள அட்டையில் இருந்த இளவட்ட முகம், அம்மாவுக்கு ஆதாரில் இருந்த கிழட்டு முகம், லால்குடியிலிருந்து தூரத்து உறவில் அத்தை ஒருத்தி வந்து பார்த்துவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒனக்கு ஒரு தம்பி இருந்து தவறிட்டானா தாயு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று அழுதாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணன் விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, கேட்காமலே அம்மாவுக்குப் பொட்டும் வைத்திருந்தார் கடைக்காரர், ஜோடியாப் போட்டா பொட்டு வெச்சுத்தாங்க குடுக்கறது, எல்லா ஊர்லயும் அதான் வழக்கம் என்றார், தாய்க்கும் மகனுக்கும் நடுவில் யாரோ மஞ்சள் குங்குமத்தைக் கொட்டிவைத்ததுபோல இருந்தது அந்தப் படம், அன்றைக்கே அதைத் திருப்பி வைத்துவிட்டாள் அகிலா.

நீதான் போன்ல என்னென்னவோ பண்றியே பாப்பா, ரெண்டு பேரையும் ஒரே வயசாக்கிக் குடுத்துரு என்றான் அண்ணன், முதலில் அப்பாவைக் கிழவராக்கிப் பார்த்தாள், அதற்கும் ஆப் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டியதும் முடி நரைத்து, கன்னம் தொங்கி, ரிட்டயரான தலைமையாசிரியர் யாரோ முறைத்துப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது, அழித்துவிட்டாள், அப்புறம்தான் அம்மாவை இளமையாக்கும் யோசனை, அதற்கு அவளிடம் ஒரு படம் இருந்தது, ஆனால் பொட்டு என்றதும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது, உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் வெக்க விடல, செத்தப்புறம் யாருக்குண்ணே பொட்டு, என்றாள். அப்படி இல்ல பாப்பா, அப்பா பக்கத்துல வெறும் நெத்தியோட நின்னா நல்லாவா இருக்கும். எனக்கு அந்த வெறும் நெத்திதாண்ணே அம்மா. சரி, நேர்ல வர்றேன் என்று அவன் போனை வைத்துவிட்டான்.

உண்மையைத்தான் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த அம்மா வெறும் நெற்றிக்காரி, வேலைக்குக் கூப்பிடும் பொன்மலைச் சங்கு பிடிக்கிறது, இப்போதும் காதில் பிடிக்கிறது, சைக்கிள்கள் சைக்கிள்களாக ஆட்கள் கேட்டுக்குள் போகிறார்கள், நடுவில் ஒரு நூல் புடவை, டிபன் தூக்கு, அம்மா திரும்பிப் பார்க்காமல் போகிறாள், பார்த்தால் பாப்பா அழும், சாயந்தரம் வரும்போது அவள்மேல் கிரீஸ் வாசனை வருகிறது, காய்ச்சலில் கிடக்கும் பாப்பாவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துத்தான் சூடு பார்க்கிறாள், தெர்மாமீட்டர் எல்லாம் அப்புறம்தான், அந்த நெற்றி குளுகுளுவென்று இருக்கிறது, நடுவில் எதுவும் ஒட்டாமல், உறுத்தாமல், அப்படியே தூங்கிப்போகலாம், காலனி வீட்டுச் செங்கல் சுவரில் ரயில் இன்ஜின் வெளிச்சம் ஊர்ந்து போகிறது, அந்தச் சுவரை இன்றைக்குப் போய்ப் படம் எடுத்தால் எவ்வளவு அழகாக வரும், நிழலைக் கொஞ்சம் தூக்கி, சிவப்பைக் கொஞ்சம் தணித்து, ஆனால் கிரீஸ் வாசனைக்கு எந்த ஆப்பில் என்ன இருக்கிறது. பொட்டு வைத்த காந்திமதி யாரோ ஒருத்தி, அண்ணனுக்கு மட்டும் அறிமுகமானவள், அவளைச் சுவரில் மாட்டிவிட்டால் தன் அம்மாவை எங்கே கொண்டுபோய் மாட்டுவது என்பதுதான் அகிலாவின் வயிற்றெரிச்சல், பயமும் அதுதான்.

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போன வருஷம் அகிலாவுக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இந்தப் போட்டோ, வீட்டுக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பியதும் போனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள், கொடியில் காயும் வேட்டியின் நிழல், டேங்கிலிருந்து சொட்டும் தண்ணீர், பால்காரரின் நனைந்த குடை, எடுப்பது ஒரு நொடி, அதைத் தேய்த்துத் தேய்த்துப் படமாக்குவது ஒரு பொழுது, வண்ணத்தைப் பிழிந்து எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வாள், வாட்ஸ்அப்பில் அவளைப்போலப் பைத்தியங்கள் சேர்ந்த குழு ஒன்று உண்டு, அதில் பேர் சொல்லும்படி ஆகிவிட்டாள், அம்மா கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தாள், போனை நீட்டினால், என் மூஞ்சிய எதுக்குடி எடுக்கற, கைய எடு, ஒழைச்சது அதுதான் என்பாள், கையைப் படம் எடுத்தாள் அகிலா, முருங்கைக் கீரை உருவும் கை, கறுப்பு வெள்ளையில், விரல் இடுக்கில் விழுகிற ஜன்னல் வெளிச்சத்தோடு, குழுவில் அத்தனை பேரும் கும்பிடும் பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள், அம்மாவிடம் காட்டினாள், இந்தக் கைக்கா இத்தன கும்புடு, கேட்டுல மேஸ்திரி ஒரு நாள் குட்மார்னிங் சொன்னதில்லையேடி என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பை எடுக்கப் போனை உயர்த்துவதற்குள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள், எப்போதும் அப்படித்தான்.

விரலை எடுத்துவிட்டுப் படத்தைச் சுருக்குகிறாள், முகம் திரும்பி வருகிறது, இளம் அம்மா, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அகிலா பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியபோது எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது, அப்பாவின் முகத்துக்குப் பொருத்தமான வயசு, ஒரே குறை, அதில் அம்மா வெயிலுக்கு மறைத்ததுபோல நெற்றிமேல் கையை வைத்திருந்தாள், வேண்டாததை அழிக்கிற ஆப்பில் அந்தக் கையைத் தேய்த்தாள், கை மாயமாய்ப் போயிற்று, அடியில் நெற்றி வந்தது, அச்சு அசல் அம்மா நெற்றி என்று நேற்றுச் சந்தோஷப்பட்டாள், இப்போதுதான் உறைக்கிறது, கைக்கு அடியில் இருந்ததைப் போட்டோ பார்த்ததேயில்லை, ஆப் தானாக அக்கம்பக்கத்துத் தோலை இழுத்துப் பூசி ஒரு நெற்றியைச் செய்து கொடுத்திருக்கிறது, காலையிலிருந்து அவள் காவல் காத்துக்கொண்டிருப்பது இந்த ஒட்டு வேலையை, என்ன கூத்து இது என்று முனகிக்கொண்டே பழைய படத்தைத் திறக்கிறாள், பரிசு டம்ளரோடு ரெட்டைச் சடையில் அவள், பின்னால் அம்மாக்கள் வரிசை, மல்லிகையும் பொட்டுமாய், யாரும் கையை உயர்த்தவில்லை, தலைக்கு மேலே பட்டை பட்டையாகத் துணி தெரிகிறது, ஷாமியானா பந்தல், பந்தலுக்குள் ஏது வெயில்.

அகிலா போனில் இருக்கிற அம்மா படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள், கை, குதிகால், பின்கழுத்து, அள்ளி முடிந்த கொண்டை, பக்கவாட்டில் மூக்கு, நெற்றிவரை இறங்கிய முந்தானை, கலை கலை என்று கொண்டாடினாளே, அம்மா முகத்தைக் கொடுக்காததால்தான் அத்தனையும் கலையாயிற்று, கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாமே கிடைத்துவிட்டதாக இருந்திருக்கிறாள், அப்போது எங்கிருந்தோ ஒரு மத்தியானம் வருகிறது, கனவா நடந்ததா என்று இன்றுவரை தெரியாத மத்தியானம், அம்மா ரெஸ்ட் நாளில் தரையில் படுத்துத் தூங்குகிறாள், பாப்பா தன்னுடைய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டி அழுத்துகிறாள், அம்மா விழிக்கவில்லை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அம்மா எழுந்து அப்படியே போய்த் திறக்கிறாள், பெரியம்மா, பெரியம்மாவின் முகம் மாறுகிறது, விரலை நீட்டி அம்மாவின் நெற்றியைக் காட்டுகிறாள், அம்மா தொட்டுப் பார்க்கிறாள், பெரியம்மா போனபிறகு அடி விழும் என்று பாப்பா கட்டிலடியில் ஒளிகிறாள், அடி விழவில்லை, கட்டிலடியிலிருந்து பார்த்தால் அம்மா கண்ணாடி முன்னால் நிற்கிறாள், பொட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் சாய்த்து, கண்ணாடிப் பொட்டு தன் நெற்றியில் விழும்படி நிற்கிறாள், ரொம்ப நேரம் நிற்கிறாள், வெளியே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, அது கனவு என்று நினைப்பது சௌகரியமாக இருந்தது, அதனால் கனவு என்றே வைத்துக்கொண்டிருந்தாள்.

காலிங் பெல் அடித்தது, அண்ணன்தான், வியர்த்து விறுவிறுத்து, கையில் பெரிய பூவன்பழச் சீப்போடு, தண்ணியக் குடு மொதல்ல என்று உட்கார்ந்தான், குடித்தான், பிறகு எழுந்து நின்று முறையாக, வர்ற வெள்ளிக்கெழம அம்மா திதி, நீயும் மாப்ளையும் மொத நாளே வந்துரணும் என்றான், அம்மா இருந்திருந்தால் இந்த மரியாதையைப் பார்த்துச் சிரித்திருப்பாள், வந்துர்றோம்ணே என்றாள், அவன் உட்கார்ந்தான், ஃபேனைப் பார்த்தான், வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன் பாப்பா, ஒனக்குப் புடிக்கலைன்னா பொட்டு வேணாம், கடைசி வரைக்கும் நீதான் பாத்துக்கிட்ட, ஒனக்குத் தெரிஞ்ச மாதிரியே இருக்கட்டும் என்றான். ஒரு வாரமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள், இப்போது கேட்டதும் போனை எடுத்து அவன் மடியில் வைத்தாள், ஜோடிப் படம், இளம் சபாபதி, இளம் காந்திமதி, இல்லண்ணே, வெச்சுரலாம், நீ வை என்றாள்.

நானா, எனக்கு இந்த எழவெல்லாம் எங்க தெரியும் என்று பதறினான், எங்க இருந்துச்சுன்னு ஒனக்குத்தானே தெரியும், நான் பாத்ததில்லையேண்ணே என்றாள், அவன் தங்கையை ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான், கோயிலில் குங்குமம் எடுக்கப் போகிறவன்போல, தொட்டான், சிவப்பாக விழுந்தது, இவ்ளோ சின்னதா வெக்க மாட்டா, பெருசாக்கு என்றான், ஆக்கினாள், இன்னும் என்றான், ஒரு காலணா அகலத்துக்கு வந்ததும், ஆங் என்றான், பிறகு விரலை வைத்து இடது பக்கம் கொஞ்சம் இழுத்தான், இழுத்துவிட்டு விரலை எடுத்ததும் ஆப் அதை நடுநெற்றிக்கே கொண்டுபோய் ஒட்டியது, திரும்ப இழுத்தான், திரும்பவும் நடுவுக்கே போயிற்று, அண்ணன் பழக்கமில்லாமல் இழுக்கிறான் என்று நினைத்து, விடுண்ணே, அதுவே நடுவுல வெச்சுக்கும் என்றாள்.

நடுவுல இல்ல பாப்பா என்றான் அவன், குரல் எட்டு வயசுக்குப் போய்விட்டது, அம்மா பொட்டு என்னிக்கும் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கும், குளிச்சுட்டு வந்து அடுப்பப் பாத்துக்கிட்டே கண்ணாடி பாக்காம வெக்கிறது, சங்கு ஊதினதும் அப்பா சைக்கிள எடுத்துருவாரு, எடுத்தவரு ஸ்டாண்டு போட்டுட்டு உள்ள போயி, அம்மா நெத்தில கட்டவெரலால ஓரத்தத் தொடச்சு நேராக்கிட்டுத்தான் திரும்ப வருவாரு, லேட்டாப்போனாலும் போவாரே தவிர அத விட மாட்டாரு, நான் கேரியர்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன், கண்ணாடியப் பாத்து ஒழுங்கா வெச்சா என்னம்மான்னு ஒரு நாள் கேட்டேன், போடா ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா. அகிலா போனை வாங்கி, தானாக நடுவுக்கு இழுக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கொடுத்தாள், அவன் பொட்டை இழுத்து இடது பக்கம் விட்டான், அது அங்கேயே நின்றது.

அவ்வளவுதான், திரையில் வேறொருத்தி வந்துவிட்டாள், அகிலாவைவிட எவ்வளவோ சின்னவள், கொஞ்சம் திமிர் பிடித்தவள், வேண்டுமென்றே கோணலாகப் பொட்டு வைத்துக்கொண்டு ஒருவனுக்காகக் காத்திருப்பவள், இவளைத்தான் நெற்றிக்கு நெற்றி வைத்து ஒட்டிக்கொண்டு தூங்கினோமா, இவள் உள்ளேயே இருந்தாளா, இத்தனை வருஷமும் இருந்தாளா என்று அகிலாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள், அண்ணனும் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான், ஆனாலும் படம் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா, கண்ணைத் துடைத்த விரலாலேயே பொட்டை நகர்த்தப் போனாள், கோணலா இருக்குன்னு திதிக்கு வர்றவங்க எல்லாம் சொல்லுவாங்களேண்ணே என்றாள். அண்ணன் அவள் விரலைப் பிடித்து மெல்ல விலக்கினான். இருக்கட்டும் பாப்பா, அப்பாதான் பக்கத்துல வந்துட்டாரே, அவரு நேராக்கிக்குவாரு.