நடுப் பட்டன்

அம்மா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை இன்னும் இரண்டு கோடு குறைத்தாள். அதற்கு மேல் குறைத்தால் அணைப்பதற்குச் சமம். திரையில் பத்துப் பேர் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், தூங்கட்டும்" என்றாள்.

அது தூக்கம் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அப்பா நேற்றுக் காலையிலிருந்து கண் திறக்கவில்லை. பேச்சு அதற்கும் முந்தின நாளே நின்றுவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது மகளிடம் மட்டும் சொன்னார்: "காது கடைசி வரைக்கும் கேட்கும்மா. பேசிக்கிட்டே இருங்க."

அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் புட்டிகளோடு வாய் திறக்காமல் இருந்து பழகியவள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா, நான்தான்" என்று நாலு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவை அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அப்பா கேட்க வேண்டியது தன் குரல் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இந்த வீட்டுக் கூடத்தின் சனிக்கிழமைச் சத்தம்தான் அவர் கேட்க வேண்டியது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு அவர் போக வேண்டும். ஆனால் வீடு இரண்டு நாளாகப் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தது. கரண்டி பாத்திரத்தில் பட்டால்கூட அம்மா பதறினாள்.

சனிக்கிழமைச் சத்தம் என்பது முக்கியமாக இரண்டு பேருடைய சத்தம். அப்பா பஸ் டிப்போவில் டயர் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். இருவருக்கும் ஒரே வயது, பிடித்ததும் ஒரே டீம், ஊர்க் கூடைப்பந்து டீம். அந்த டீம் பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போட வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் ஒத்துப்போனதே கிடையாது.

"ஜீப் சக்கரத்துக்கு அஞ்சு போல்ட்டு மச்சான்" என்று அப்பா ஆரம்பிப்பார். "ஒண்ணையே முறுக்கிக்கிட்டிருந்தா சக்கரம் என்னாகும்? அஞ்சையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். பந்து அஞ்சு பேரு கையிலயும் படணும். அப்புறந்தான் கூடை."

"போடா டயரு. அஞ்சு ஊசிய வச்சு ஒரு சட்டை தைப்பியா? ஊசி ஒண்ணுதான். நம்ம தீக்குச்சிதான் ஊசி. பந்தை அவன் கையில குடுத்துட்டு மத்தவன் வழிய விட்டு நிக்கணும்."

தீக்குச்சி என்பது டீமிலேயே குள்ளமான ஆட்டக்காரனுக்கு மாமா வைத்த பெயர். முழங்கால் உயரத்துக்கு மேல் பந்து எழும்பாமல் தட்டிக்கொண்டே நாலு பேர் நடுவில் புகுந்துவிடுவான். பாதி நேரம் கூடையோடு வருவான், பாதி நேரம் பந்தைப் பறிகொடுத்துவிட்டு வருவான். அவன் தட்ட ஆரம்பித்தாலே அப்பாவுக்கு நெஞ்சு எரியும். "தட்டறான் பாரு, சாத்தின கதவத் தட்டற மாதிரி. உள்ள ஆள் இல்லடா! அடுத்தவனுக்குக் குடுடா!"

மூன்றாவதாக மருந்துக் கடைக்காரர் ஒருவர் வருவார். வாதத்தில் யார் தோற்கிறாரோ அவர் பக்கம் சேர்ந்துகொள்வார். தொழில் அப்படி.

பேச்சு முற்றினால் சாப்பாட்டு மேஜைக்கு ஐந்து டம்ளர் வரும். டம்ளர்கள்தான் ஆட்டக்காரர்கள். பந்து, ஒரு பழுப்பு நிறக் கோட்டுப் பட்டன். மாமாவின் கோட்டில் இருந்தது அது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியில் அப்பா துள்ளி எழுந்து மாமாவின் கோட்டைப் பிடித்து உலுக்கியதில் நடுப் பட்டன் அவர் கையோடு வந்துவிட்டது. திருப்பிக் கேட்டதற்கு அப்பா, "என் ஆட்டந்தான் சரின்னு ஒத்துக்கோ, தரேன்" என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. வேறு பட்டன் தைத்துக்கொள்ளவும் இல்லை. ஊருக்கெல்லாம் கோட்டு தைக்கிறவர் தன் கோட்டில் பட்டன் இல்லாமல் திரிவதைப் பார்த்து யாராவது கேட்டால், "அது மேட்சுக்குப் போயிருக்கு" என்பார். பட்டன் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் குடியிருந்தது.

அன்றும் சனிக்கிழமை. மூன்று மணிக்கு மாமா வந்தார். குளிருக்கு அதே கோட்டு. செருப்பைச் சத்தமில்லாமல் விட்டார். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தார். பின்னாலேயே மருந்துக் கடைக்காரர் வந்து, கொண்டுவந்த வலி மருந்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்றுகொண்டார்.

அரையிறுதி ஆட்டம். ஊர் டீம் ஒன்பது பாயிண்டு பின்னால் இருந்தது. தீக்குச்சி பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான். இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். பந்து போயிற்று.

மாமா அதைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தார்.

"மச்சான்... நீ சொன்னதுதான் சரி. அவன் கையில அவ்ளோ நேரம் பந்து இருக்கக் கூடாது. அஞ்சு பேரும் தொடணும்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மகள் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் மாமா அப்பாவிடம் 'சரி' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியாதா?

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள்.

"இந்தாண்ணா. நீ ஒத்துக்கிட்டா குடுக்கணும்னு சொல்லியிருக்காரு."

உள்ளங்கையில் பட்டன் இருந்தது. மாமாவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் போய்விட்டன.

"அங்கயே வை" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அம்மா அதைக் கட்டிலின் மேலிருந்த சாப்பாட்டுத் தட்டுப் பலகையில் வைத்தாள். அப்பாவின் மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் மகள் மனதுக்குள் எண்ணினாள். பதினொன்று.

கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிய காலத்திலிருந்து இந்த ஆட்டத்தைப் பற்றி அவள் காதில் விழாத விதி இல்லை. மனதில் நின்றது ஒன்றுதான். மாமாவைக் கிளப்ப அது போதும் என்று நினைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமா, அஞ்சு பேரு தொட்டும் வழி கிடைக்கலைன்னா என்ன பண்றது?"

"என்னம்மா?"

"பேசாம பந்தைப் பின்னாடி நம்ம பாதிக்கே அனுப்பிட வேண்டியதுதானே? அங்கேருந்து மறுபடி மெதுவா ஆரம்பிக்கலாம். என்ன அவசரம்?"

மாமாவின் தலை மெல்லத் திரும்பியது.

"பின்னாடி அனுப்பறதா?"

"ஆமா."

"யாரு சொன்னா?"

"அப்பா ஆட்டம் அப்படித்தானே? நிதானமா."

"விஞ்ஞானி!" மாமா எழுந்தே விட்டார். "பாதிக்கோட்டத் தாண்டின பந்து திரும்பி வரக் கூடாதும்மா! வந்தா விசிலு! பந்து அவனுக்குப் போயிடும்!"

இரண்டு நாளில் அந்த வீட்டில் யாரும் அப்படிக் கத்தவில்லை. அம்மா பதறிப்போய், "அண்ணா! மெதுவா!" என்றாள்.

"என்னத்த மெதுவா? உம் பொண்ணு பேசறதக் கேட்டியா நீ? மச்சான், இதான் உன் கட்சிக்கு ஆள் சேர்க்கற லட்சணமா?"

கடைசி வாக்கியத்தை அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார், எல்லாச் சனிக்கிழமையும் கேட்கிற மாதிரியே.

"பொண்ணு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு சார்" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "பதற்றப்படாம ஆடணும்னுதானே சொல்லுது?"

"வாங்க வாங்க. தோக்கற கட்சிய மோந்து பார்த்துட்டு வந்துடுவீங்களே! இருபத்திநாலு செகண்டுதான் குடுக்கறான் ஐயா. அதுக்குள்ள அஞ்சு பேரும் ஒருத்தர ஒருத்தர் குசலம் விசாரிச்சு, பந்தைத் தொட்டுக் கும்பிட்டு, அப்புறம் எப்ப கூடைக்குப் போறது?"

அம்மா வாயில் விரலை வைத்து "உஷ்" என்று சொல்லப் போனவள், அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டாள். அப்பாவின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சுளிப்பு விழுந்திருந்தது. வலிக்கிற சுளிப்பு வேறு. இந்த ஒரு மாதத்தில் அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தெரியும். இது மாமா பேசும்போது மட்டும் விழுகிற சுளிப்பு.

அம்மா சமையலறைக்குப் போனாள். வரும்போது கையில் ஐந்து டம்ளர்.

"இதில்லாம எப்படிப் பேசுவீங்க?" என்றாள். பிறகு ரிமோட்டை எடுத்து, குறைத்த கோடுகளையெல்லாம் திரும்ப ஏற்றினாள். கூடம் முழுக்கக் கூட்டத்தின் இரைச்சல் நிறைந்தது.

மாமா டம்ளர்களைப் பலகையில் பரப்பினார். "நல்லாப் பாரு மச்சான். இவன் தீக்குச்சி. உள்ள பூந்துட்டான். ரெண்டு பேரு இவம்மேல வந்தாச்சு. அப்ப காலியா நிக்கறவன் யாரு?"

"மூலையில இருக்கற டம்ளர்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"உங்களக் கேட்கல. நீ சொல்லு மச்சான். உன் அஞ்சு போல்ட்டு ஆட்டத்துல அந்த மூலை டம்ளருக்கு எவன் ஆள இழுத்துக் குடுத்திருப்பான்? தீக்குச்சி தட்டினதாலதானே அவன் காலியானான்? சொல்லு." பட்டனை நகர்த்தி அப்பாவின் விரல் நுனியில் கொண்டுவந்து நிறுத்தினார். "இந்தா, பந்து உங்கிட்ட. என்ன பண்ணுவே? இப்பவே சொல்லிடறேன், நான் கொஞ்சம் முன்னாடி சொன்னதெல்லாம் வாபஸ். நீ சொன்னது சரியே இல்ல. நான் ஒத்துக்கல."

அப்பாவின் விரல்கள் மெல்ல மடங்கின. பட்டன் உள்ளே போயிற்று.

"பார்த்தியா!" மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பார்த்தியா, குடுக்க மாட்டான்! ஒத்துக்கலைன்னதும் இழுத்து வச்சுக்கிட்டான்!"

அம்மாவும் சிரித்தாள். மருந்துக் கடைக்காரர் பந்துக்குப் பதில் ஒரு மாத்திரையை எடுத்து வைத்தார். "இது உருளுது சார், நிக்காது" என்று அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். மாமா விடவில்லை. "நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? மூலைக்குக் குடுத்துட்டேன்டாம்பே. அவன் போடலைன்னா? அப்ப என்ன சொல்லுவே?"

திரையின் மூலையில் இருபத்திநாலு என்று சிவப்பு எண் வந்தது. மகள் அப்பாவின் மார்பைப் பார்த்தாள். எண் குறைந்துகொண்டே வந்தது. பதினைந்து. பத்து. நான்கு. நேரம் முடிந்த சங்கு ஊதியது. எண் மறுபடி இருபத்திநாலிலிருந்து தொடங்கியது. அவள் பார்வையை எடுக்கவில்லை. அந்த இருபத்திநாலும் தீர்ந்தது.

மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அடுத்ததையும்.

"...சொல்லு மச்சான், அவன் போடலைன்னா?"

அப்போதுதான் அவள் மாமாவின் கோட்டுக் கையைத் தொட்டாள்.

மறுநாள் காலை கூடத்திலிருந்து டிவியை உள்ளறைக்கு எடுத்துப் போனார்கள். டிப்போவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிலர் வேலை உடுப்பிலேயே வந்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்கள். அம்மா எல்லோருக்கும் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டாள்:

"ஜெயிச்சாங்களா?"

"ஜெயிச்சுட்டாங்கம்மா. ஒரு பாயிண்டு."

மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை.

வண்டி வந்த பிறகு, டிப்போவின் வயதான மெக்கானிக் ஒருவர் அப்பாவின் கைகளை நேராக்க முயன்றார். இடது கை வந்துவிட்டது. வலது கை மூடியே இருந்தது.

"உள்ள என்னமோ இருக்கு" என்றார். விரலிடுக்கில் உற்றுப் பார்த்தார். "பட்டன் மாதிரி இருக்கு. எடுத்துடலாமா?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

"விடுங்க, இருக்கட்டும்" என்றார் மாமா. "நான்தான் இன்னும் ஒத்துக்கலையே."

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டார்.

ஆறு பேர் தூக்கினார்கள். மாமா முன்பக்கம். படியில் இறங்கும்போது யாரோ "மெதுவா, மெதுவா" என்றார்கள். வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற டிரைவர் இளைஞன். தூக்கி வைத்து முடிந்ததும், மாமாவின் பக்கம் சாய்ந்து மரியாதையாகச் சொன்னான்:

"சார், கோட்டுல நடுப் பட்டன் விழுந்துடுச்சு போல. உள்ள பார்க்கட்டுமா?"

மாமா குனிந்து பார்த்தார். பட்டன் இருந்த இடத்தில் பழைய நூல் இரண்டு இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"விழலப்பா. மேட்சுக்குப் போயிருக்கு."

சொல்லிவிட்டு மேல் பட்டனைப் போட்டார். கீழ்ப் பட்டனையும் போட்டார். பிறகு வண்டியில் ஏறி, பக்கத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.