வலப்பக்கத்து மேசை

“மூணு தடவை கேட்டா ஒரு தடவைதான் பதில் வருது. அப்படி நான் என்ன பண்ணிட்டேன், மெரெட்டே?”

“நீ ஒண்ணும் பண்ணல. வேலையில இருந்தேன், கவனிக்கல.”

“நேத்து மத்தியானம் சாப்பிடும்போதுமா? உருளைக்கிழங்கைக்கூடவா அவ்வளவு கவனமா சோதிப்ப?”

“பின்ன? வேகலன்னா உடனே புகார் எழுதிடுவேன்.”

எஸ்பென் சிரித்தான். ஆனால் பாதியிலேயே அந்தச் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டான். “சரிங்க மகாராணி. தரிசனம் உண்டுன்னா சொல்லி அனுப்புங்க” என்று சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டு, துறைமுகக் காற்றில் தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

மார்ச் மாதத்தில் அலுவலக வாசலில் நடந்த பேச்சு அது. ஜூன் வந்தும் மெரெட்டேயின் மனதைவிட்டு அது போகவில்லை. அதற்குப் பிறகு அவன் தேவைக்கு மட்டும்தான் பேசினான். இந்த வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. மாடியில் காலியாக இருக்கும் மேசைக்கு, திங்கட்கிழமை முதல், எஸ்பென் மாறிப் போகிறான். அவனே கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

அவனுடைய மேசை அவளுக்கு வலப்பக்கத்தில் இருந்தது. கோளாறே அதுதான்.

ஆறு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி மெரெட்டேயின் வலது காதைச் சுத்தமாக அடைத்துவிட்டுப் போயிருந்தது. பள்ளியில் அந்தக் காதருகே வந்து கத்திவிட்டு ஓடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அன்று முதல் அவள் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் சொல்லவும் வேண்டியதில்லை. அம்மாவும் தங்கை ஹன்னேயும், எங்கே நடந்தாலும் எங்கே உட்கார்ந்தாலும், கேட்காமலே அவளுடைய இடப்பக்கம் வந்துவிடுவார்கள். வெளி ஆள் ஒருவரையும் அவள் அந்தப் பக்கத்துக்கு அழைத்ததில்லை.

வேலை கிடைத்த இடமோ, செவிட்டுக் காதுக்கு வைக்கும் கருவியை மருத்துவமனைகளில் சரிப்படுத்த உதவும் மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம். ஆர்ஹுஸ் நகரத் துறைமுகத்தருகே, ஆறே பேர். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தோடு முடிந்திருக்கும். நான்கு வருடம் கழித்துச் சொன்னால் அது வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். எஸ்பென் மாடிக்குப் போய்விட்டால் அப்புறம் சொல்லியும் பயனில்லை.

வியாழக்கிழமை காலை, எஸ்பென் எழுதிய மென்பொருளின் புதுப் பதிப்பு சோதனைக்காக அவள் கைக்கு வந்தது. மறுநாள் வெளியீடு.

ஊருக்கு ஊர் மருத்துவமனைகளில் கணினி வேறு, அதை இயக்கும் இயங்குதளமும் வேறு. நகரத்தில் எல்லாம் புத்தம் புதியவை. தீவுகளில் இருக்கும் சின்ன மருத்துவமனைகளில் பத்து வருடத்துப் பழையவை. அத்தனை கணினிகளை வாங்கி அடுக்க இடம் ஏது? மெரெட்டேயின் ஒரே கணினிக்குள் ஏழு மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஜன்னலில் திறக்கும். தான் ஒரு தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டு வேலை செய்யும். புதுப் பதிப்பை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பாள். பிறகு என்ன குளறுபடி ஆனாலும், ஒரு சொடுக்கில், அந்தக் கணினி ஸ்னாப்ஷாட் எடுத்த நிலைக்கே திரும்பிவிடும்.

ஆறு முடிந்தன. ஏழாவது, இருப்பதிலேயே பழைய இயங்குதளம். ஹெட்போனை மாட்டி, இடது காதுக்கான மெல்லிய ஒலியைத் தட்டினாள். திரையில் பச்சைக் கோடு எழுந்தது. அடுத்தது வலது. இங்கேதான் அவளுடைய பழைய தந்திரம். ஹெட்போனைக் கழற்றி, இடவலம் மாற்றி மாட்டிக்கொள்வாள். வலதுக்குப் போகும் ஒலி அப்போது நல்ல காதில் விழும்.

இன்று திருப்புவதற்குள் விரல் முந்திக்கொண்டு வலது பொத்தானைத் தட்டிவிட்டது.

ஒலி கேட்டது.

மெரெட்டேயின் நெஞ்சு ஒருமுறை குதித்தது. காது திறந்துகொண்டதா? இத்தனை வருடம் கழித்தா? நல்ல காதின் மேலிருந்த மூடியை மெல்லத் தூக்கினாள். ஒலி நின்றது. திரும்ப வைத்தாள், வந்தது. ஆசை அவ்வளவுதான். வலதுக்குப் போக வேண்டிய ஒலி இடதுக்குப் போகிறது.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாள். அதில் இருந்த பழைய பதிப்பில் வலது பொத்தானைத் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் புதியதை ஏற்றினாள். கேட்டது. இப்படியே போனால் ஏதோ ஒரு தீவில் ஒரு கிழவரின் நல்ல காதை அளந்து, கெட்ட காதுக்குக் கருவியைத் திருகுவார்கள்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். “எஸ்பென், உன் புதுப் பதிப்பு வலது ஒலியையும் இடதுக்கே அனுப்புது. பழைய இயங்குதளத்துல மட்டும்.”

“ஹெட்போனைத் திருப்பிப் போட்டிருப்ப” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீதான் பாதி நேரம் திருப்பிப் போடுறியே. நாலு வருஷமா பாத்துட்டுதான் இருக்கேன்.”

அவன் அதைப் பார்த்திருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. கன்னம் சுட்டது. “இன்னிக்குத் திருப்பல. நீயே வந்து கேளு.”

வந்து கேட்டான். புருவம் ஏறியது. “இது மெய்நிகர் கணினியோட குறும்பு. அதுக்கு ஏது சொந்தக் காது? நிஜக் கணினியில சரியா வரும். கேக் பந்தயம்.”

“உன் தப்புன்னா எப்படியும் நீதான் கேக் வாங்கணும். இது என்னப்பா பந்தயம்? ஏமாத்து வேலை.”

“கேக்குன்னு யாரோ சொன்னீங்க” என்று காபிக் கோப்பையோடு வந்து நின்றாள் முதலாளி தோவே. பதிப்பைக் கெடுத்தவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் சம்பளத்தைவிடத் தவறாமல் நடக்கிற விஷயம்.

அலமாரியின் அடியிலிருந்து பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தார்கள். அது உயிர்பெறுவதற்குள் தோவேயின் காபி தீர்ந்துவிட்டது. எஸ்பென் ஹெட்போனை மாட்டினான். இடதைக் குறிக்கும் எல் என்ற எழுத்து இடப்பக்கம்தான் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான். வலது பொத்தானைத் தட்டினான்.

“என்னோட தப்புதான்” என்றான் கடைசியில்.

“அப்படின்னா நாளைக்கு வெளியீடு இல்ல, கேக் உண்டு” என்றாள் தோவே. “மெரெட்டே, நீ மட்டும் பிடிக்கலன்னா அடுத்த மாசம் பூரா மன்னிப்புக் கேட்டுட்டு இருந்திருப்பேன். நல்லா இரும்மா.”

மத்தியானத்துக்குள் எஸ்பென் திருத்திக் கொடுத்தான். மெரெட்டே ஏழையும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பி, ஒவ்வொன்றாகப் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். ஏழாவதில் வலது பொத்தானைத் தட்டினாள். ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நிசப்தம் அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இனித்தது.

ஹெட்போனைக் கழற்றி நிமிர்ந்தபோது எஸ்பென் வலப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. திரையில் இருண்டுபோன ஏழாவது ஜன்னலில் அவன் உருவம் பிரதிபலித்தது. வாய் அசைந்து, நின்று, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு உதடு மூடிக்கொண்டதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அவள் திரும்புவதற்குள் அவன் ஜன்னலோரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தான். அவன் கொண்டுவந்து வைத்த செடி அது. திங்கட்கிழமைக்குக்கூட அவன் காத்திருக்கவில்லை.

அவள் எழுந்து பின்னால் போனாள். “எஸ்பென், இப்போ என்ன கேட்ட?”

“விடு. என்ன கேக் பிடிக்கும்னு கேட்டேன். பெரிய ராஜரகசியம் இல்ல.” அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “உனக்குப் பக்கத்துல ஒருத்தன் பேசிட்டே இருக்கறது பிடிக்கல. புரியுது, தப்பில்ல. மாடியில எனக்குச் சுவர்தான் துணை. அதுவும் பதில் சொல்லாது, ஆனா அதுகிட்ட நான் எதிர்பார்க்க மாட்டேன்.”

“அப்படி இல்ல...”

“அப்போ போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லு. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். ஏன் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் போடுற?”

‘சும்மா, பழக்கம்’ என்ற பதில் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது. யாராவது கேட்டால் சொல்வதற்காக நான்கு வருடமாக வைத்திருந்த பதில். நாவின் நுனிவரை வந்தும்விட்டது.

ஆனால் ஒரு கோளாறோடு வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவள் கேட்பது என்ன? எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அப்போதுதான் சரிசெய்ய முடியும் என்பதுதானே? இவன் அவள் ஹெட்போன் மாட்டுவதைக்கூட நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பதில் கிடைக்காத ஒவ்வொரு முறையும் தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

மெரெட்டே அவன் கையிலிருந்த தொட்டியை வாங்கினாள். அவன் ஏன் என்று கேட்காமல் கொடுத்தான். மேசைக்கு நடந்து, அதைத் தன் இடப்பக்கத்தில், ஃபைல்களை ஒதுக்கிவிட்டு வைத்தாள். இலைகள் அசைந்தன.

“என் வலது காது கேக்காது, எஸ்பென். ஆறு வயசுலேர்ந்தே. நீ பேசுனதுல பாதி எனக்கு வந்து சேரவே இல்ல. ஆனா எல்லாத்தையும் கேக்கணும்னு எனக்கு ஆசை.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “மாடிக்குப் போகாதப்பா. இந்தப் பக்கம் வந்து உக்காரேன்.”