அண்ணன் சொல்ல இருந்தது

பின்னால் மணிச்சத்தம் கேட்டு ரொம்ப நேரமாகிவிட்டது என்று லெஷெக் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஸெனோன் பாதையோரத்துப் பைன் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புளூபெர்ரிச் செடியில் பழம் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். விரல், உதடு, முன்பற்கள் எல்லாம் நீலம்.

"அண்ணே, இப்படி மரத்துக்கு மரம் இறங்கினா எப்பப் போய்ச் சேர்றது?"

"எங்கடா போய்ச் சேரணும்? ஏரி எங்கேயும் ஓடிடாது. வா, தின்னு."

லெஷெக் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றான். உட்காரவில்லை. மரங்களுக்கு நடுவே ஏரி தகடு மாதிரிக் கிடந்தது. மணி பத்துதான் ஆகியிருக்கும். அதற்குள் வெயிலில் பிசின் வாசனை கிளம்பிவிட்டது.

இது நாலாவது நாள். நாள் ஒன்றுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. அண்ணனுக்கு அறுபத்தாறு, வார்சாவில் முப்பது வருஷம் டிராம் ஓட்டியவர். 'நேரத்துக்கு ஓடினதெல்லாம் போதும்டா, இனிமே மெதுவாத்தான்' என்று முதல் நாளே சொல்லிவிட்டார். லெஷெக்குக்கு அதில் மறுப்பில்லை. அவனுக்குப் புரியாதது, தன்னை எதற்குக் கூப்பிட்டார் என்பதுதான்.

பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. அம்மாவை அடக்கம் செய்த அன்று ஸெனோன் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். குழியை மூடி, பூவெல்லாம் அடுக்கியாகிவிட்டது. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. லெஷெக் ஊர் முன்னால், "இனிமே எனக்கு அண்ணன் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போஸ்னானுக்கு ரயிலேறிவிட்டான். அதோடு சரி. இந்த மே மாதம் திடீரென்று ஒரு போன். "சைக்கிள் வெச்சிருக்கியா? ஜூலையில மஸூரியா பக்கம் வா. ரெண்டு பேரும் ஏரியைச் சுத்திட்டு வரலாம்." ஏதோ போன வாரம் பேசிவிட்டு வைத்தவர் மாதிரி.

வந்தான். டயர் காற்று, வறுத்த மீன், நாரைக்கூடு என்றே பேச்சு போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் மட்டும், கூடாரம் அடித்து முடித்ததும், "உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்றேன், அவசரமில்லை" என்றார். லெஷெக் கேட்கவில்லை. சொல்லவேண்டியவர் சொல்லட்டும் என்று ஒரு வீம்பு.

ஸெனோன் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கியது. பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ முன்னாடி போடா. படகுத்துறையில கடை இருக்கு. மீன் சொல்லி வை. நான் வந்துடறேன்."

"உடம்புக்கு ஏதாவது..."

"வயித்துக்குப் பசி. போ."

மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது கடை. லெஷெக் இரண்டு தட்டு மீனும் உப்பு வெள்ளரியும் வாங்கிக்கொண்டு மர மேஜையில் உட்கார்ந்தான். அரைமணி நேரம் ஆனது. மீன் ஆறியது. வெள்ளரியில் எறும்பு ஏறியது. அவனுக்குள் பழைய கோபம் எழுந்தது. 'அன்னைக்கும் இப்படித்தான். யாரையாவது காக்க வெக்கிறதே பொழப்பு' என்று முனகியபடி தன் மீனைத் தின்றான். அண்ணன் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தின்றான். பிறகுதான் கிளம்பினான்.

தூரத்திலிருந்தே இன்னும் இரண்டு சைக்கிள்கள் பாதையில் கிடப்பது தெரிந்தது. அவனைவிட வயதான ஒரு ஜெர்மன்காரத் தம்பதி பாசிமேல் மண்டியிட்டிருந்தார்கள். அந்த ஆள் ஸெனோனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தன் மழைக்கோட்டைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்திருந்தாள். லெஷெக்கைப் பார்த்ததும் கையைப் பிடித்து என்னவோ படபடவென்று சொன்னாள். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரிந்தது போலத் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் காட்டுப் பாதையில் குலுங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துகொண்டார். கூட வந்த நர்சுக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரிந்திருந்தது.

"இவங்க வந்தப்ப உயிர் இருந்துச்சாம்," என்றாள் லெஷெக்கிடம். "ஏதோ பேசினாராம். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருந்தாராம். நம்ம பாஷை, அவங்களுக்கு ஒண்ணும் புரியலையாம். அதுக்குத்தான் அந்தம்மா அழுவுறாங்க."

லெஷெக் அந்த அம்மாளின் வாயையே பார்த்தான். அந்தச் சத்தங்களில் ஒன்றையாவது திருப்பிச் சொல்ல மாட்டாளா என்று தோன்றியது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணி கிரஷீனா சாயங்காலம் ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்து சேர்ந்தாள். ஊர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் ஸெனோனைக் காட்டினார்கள். உள்ளே போனவள் பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, தாழ்வாரத்து பெஞ்சில் லெஷெக் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உதடெல்லாம் நீலமா இருக்கே. மூச்சு முட்டித்தான் போனாரா?"

"இல்ல அண்ணி. பழம் தின்னார்."

"பழமா?" அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, கைக்குட்டைக்குள் போனது. லெஷெக் எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லெஷெக், ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மெல்ல. "உங்கிட்ட சொன்னாரா?"

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். முகம் ஒரு பதிலுக்காகவே நிமிர்ந்திருந்தது.

"சொன்னார்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோள் இறங்கியது.

"அப்பாடா. இதுக்காகத்தானே இந்தப் பயணமே. வசந்த காலத்துலயே டாக்டர் சொல்லிட்டார், நெஞ்சு தாங்காது, சைக்கிளை எல்லாம் தொடக்கூடாதுன்னு. கேட்டாத்தானே? 'அவனை உக்கார வெச்சுச் சொல்ல முடியாது, எழுந்து போயிடுவான். பக்கத்துல மெதுவா ஓட்டிக்கிட்டே சொல்லிடுவேன்'னார். நீ கோபப்பட்டியா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும். 'அவன் இதைத் தாங்க மாட்டான்'னு அவர்தான் பயந்துகிட்டே இருந்தார். பதினோரு வருஷம் நெஞ்சுல வெச்சுக்கிட்டு..."

அது என்னவென்று லெஷெக்கால் நேராகக் கேட்க முடியவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தான். "நீங்க... முதல்ல கேட்டப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு அண்ணி?"

"எனக்கென்ன, அது உங்க வீட்டு விஷயம். உங்கம்மா கேட்டாங்க, அவர் செஞ்சார். அவ்வளவுதான். அதுவும் அடக்கத்தன்னிக்கே முடிக்கணும்னு வாக்கு வாங்கிட்டாங்களே. ஆனா நீ அன்னைக்கு அப்படிக் கத்தினப்பக்கூட அவர் வாயத் திறக்கல பாரு. அதான் எனக்கு ஆறல."

அம்மா கேட்டாளா? என்ன கேட்டாள்? எங்கே போகச் சொன்னாள், யாரிடம்? அம்மாவின் கடைசி மாதம் முழுக்கப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். அவளுக்குக் கஞ்சி ஊட்டியவன், நகம் வெட்டிவிட்டவன். அவனிடம் கேட்காததை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோன மகனிடம் கேட்டிருக்கிறாள்.

'அண்ணி, பொய் சொல்லிட்டேன். அவர் சொல்லல' என்று ஐந்தாறு வார்த்தைதான். அவன் அதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு திரும்பினான். கிரஷீனா சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"சொல்லாமலே போயிருந்தா எனக்குத் தூக்கமே வந்திருக்காது," என்றாள். "சொல்லிட்டார். நிம்மதியாப் போயிட்டார்."

லெஷெக் எழுந்துபோய் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தான்.

மறுநாள் காலை அவள் அமரர் ஊர்திக்காரர்களோடு வார்சாவுக்குக் கிளம்பினாள். அடக்கம் வெள்ளிக்கிழமை. சைக்கிள்களுக்கு அந்த வண்டியில் இடமில்லை. ஸ்டேஷன் வரை தானே கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிடுவதாக லெஷெக் சொன்னான். வண்டி ஜன்னலைப் பாதி இறக்கி, "வெள்ளிக்கிழமை நீ ரெண்டு வார்த்தை பேசணும். அவரோட கடைசி நாளெல்லாம் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

ஏரிக்கரைப் பாதையில் ஒன்றை ஓட்டிக்கொண்டு, மற்றொன்றின் கைப்பிடியை வலது கையால் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வேகமாகப் போனால் அது முறுக்கிக்கொண்டு காட்டுக்குள் இழுத்தது. ஊர்ந்து போனால் கூடவே வந்தது. எதிரே வந்த இரண்டு பெண்கள் மணியடித்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னானா என்று கொஞ்ச தூரம் போனபின் யோசித்தான்.

பாதை தண்ணீரை ஒட்டி வளையும் இடத்தில் இறங்கினான். இரண்டு சைக்கிளையும் ஒரே மரத்தில் சாய்க்கப் பார்த்தான். ஒன்றை நிறுத்தினால் மற்றது சரிந்தது. கடைசியில் இரண்டையும் பைன் ஊசியிலைகள் மேல் படுக்க வைத்தான். முகம் கழுவலாம் என்று சரிவில் இறங்கினான்.

குனிந்தவன் முகம் கழுவவில்லை. கால் சில்லென்றது. பார்த்தால், ஷூவோடு கணுக்கால் வரை ஏரிக்குள் நின்றுகொண்டிருந்தான். கலங்கிய மண் மெல்லப் படிந்தது. அவிழ்ந்த ஷூ கயிறு தண்ணீரில் மிதந்தது. விரல்நீளம்கூட இல்லாத மீன்குஞ்சுகள் எங்கிருந்தோ வந்து அதன் நுனியைக் கொத்திப் பார்த்தன. கரையில் யாரோ மணியடித்துக்கொண்டு கடந்து போனார்கள். அவன் நகரவில்லை.