வெள்ளிக்கிழமை அப்டேட்

மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்து, கீபோர்டுக்குக் குங்குமம் இட்டு, சூடம் காட்டி முடித்ததும் அப்டேட் கொடுத்தேன். எங்கள் ஸ்டுடியோவில் வெள்ளிக்கிழமைப் பூசையின் கடைசிப் பகுதி அது. என் கணவர் குழந்தைவேல் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார், எழுத்துகள் மளமளவென்று ஓடும், பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவார். நான் அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பும்போது டிஸ்க்கின் பாஸ்வேர்டு கேட்கும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு கல்யாண வீடியோ தயாராகட்டும் என்று கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு விருத்தாசலம் ரோட்டில் பைக்கில் போனவர், விழுந்து தலையில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தாயிற்று. ஜெயங்கொண்டத்தில் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நாற்காலியில் உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பார், ஊட்டினால் சாப்பிடுவார், எதைக் கேட்டாலும் “ஆவட்டும்” என்பார். தண்ணி வேணுமா, ஆவட்டும். நான் யாரு, ஆவட்டும். முதலில் அழுதேன். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. சோறு வடிக்கிறேன், துணி மாற்றுகிறேன், வந்தவர்களுக்குக் காபி போடுகிறேன். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் பந்தல் பிரித்த தெரு மாதிரி கிடக்கிறது.

விண்டோஸுக்குப் பதிலாக அவர் போட்டிருந்த லினக்ஸ் ஒருமுறை போட்டால் முடிந்தது என்கிற வகை இல்லை. வாராவாரம் புதுசாகிக்கொண்டே இருக்கும். கர்னலை மட்டும், அதாவது எல்லாவற்றையும் கீழேயிருந்து தாங்குகிற பாகத்தை, எல்.டி.எஸ். என்று நீண்ட நாள் பராமரிக்கிற ரகத்தில் வைத்திருந்தார். அதற்கும் அப்டேட் வரும், சின்னச் சின்னத் திருத்தங்களாக. “மேல எவ்ளோ வேணா ஆடட்டும் சிந்தாமணி, அடி ஆடக்கூடாது” என்பார். டிஸ்க்கைப் பூட்டியது கல்யாணப் பெண்களுக்காக. எங்கோ ஒரு கடையில் ரிப்பேருக்குப் போன கம்ப்யூட்டரிலிருந்து படங்களை யாரோ எடுத்துவிட, ஒரு பெண்ணின் வாழ்க்கையே கந்தலாகிப்போனது. அதன் பிறகு பாஸ்வேர்டை எனக்குக்கூடச் சொல்லவில்லை. தினமும் அவர்தானே திறக்கிறார் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காமிராமேன் ஜெயப்பிரகாஷ் புது ஹார்டு டிஸ்க்கோடு வந்தான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னவன் அவன். அப்போது ஆவட்டும் என்றேன். எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. கொடுக்க வேண்டிய ஆல்பங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. அதில் ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்து நந்தினியுடையது. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து அவர் நிற்கிற படம் இந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. அவள் போன் செய்து அவசரப்படுத்துவதில்லை. எப்படி இருக்காங்க என்று என் கணவரைப் பற்றித்தான் விசாரிப்பாள். அதுதான் தாங்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் ஹார்டு டிஸ்க்கைச் சொருகினான். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. வேறு ஓட்டையில் சொருகினான், ஒயரை மாற்றினான், பென் டிரைவ் போட்டுப் பார்த்தான். எதற்கும் அசையவில்லை. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் தமிழரசனுக்குப் போன் போட்டேன். என் கணவரும் அவரும் சேர்ந்துதான் இந்த லினக்ஸைப் போட்டார்கள். நேற்று அப்டேட் கொடுத்தேன் என்றதும், பிறகு ரீஸ்டார்ட் பண்ணினாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“இப்ப ஓடுறது பழைய கர்னல், தங்கச்சி. புதுசு வந்ததும் பழசோட சாமானையெல்லாம் தூக்கிருச்சு. இனிமே எதச் சொருகினாலும் அதுக்கு அடையாளம் தெரியாது. ரீஸ்டார்ட் பண்ணாதான் வழி.”

பாஸ்வேர்டு விஷயத்தைச் சொன்னேன். அப்படியானால் தொடவே வேண்டாம், அதே பழைய கர்னலைத் தேடியெடுத்துத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், சாயங்காலம் நானே வருகிறேன் என்றார். அன்றைக்கு மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பேப்பரில் பார்த்தேன். பார்த்ததோடு சரி. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனையோ நாளாகிவிட்டது.

என் கணவருக்கு மதியச் சாதம் ஊட்டிவிட்டு வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. ஜெயப்பிரகாஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையை இன்னும் அலம்பவில்லையே என்று மட்டும் தோன்றியது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. தமிழரசன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டதும் பாஸ்வேர்டு கேட்டு ஒரே ஒரு வரி வந்து, அதன் முனையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்றான் ஜெயப்பிரகாஷ். வாயால் கேட்டுப் பார்த்தாயிற்று. கீபோர்டை அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கொடுத்து, அவருக்கு வரவில்லை என்றால், இனி வரமாட்டார் என்று ஆகிவிடும். எனக்குப் பயம். நந்தினி போன் செய்த நாளெல்லாம் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் சும்மா இருந்தேன்.

போய் அவரை நாற்காலியோடு இழுத்து வந்தோம். கீபோர்டை மடியில் வைத்து, கைகளைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

“கடையத் திறக்கணும்ங்க” என்றேன்.

“ஆவட்டும்.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது கை விரல் ஒன்று ஒரு எழுத்தை அழுத்தியது. வலது கை விரல் இன்னொன்றை. கீழே குனிந்து பார்க்காமல், தினமும் காலையில் தட்டுகிற வேகத்தில் நாலைந்து எழுத்துகள் தட்டினார். திரையில் எதுவும் விழவில்லை. அந்த இடத்தில் என்ன தட்டினாலும் ஒரு புள்ளிகூட விழாது. அவர் தட்டுவது அதுதானா, கை சும்மா அலைகிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிறகு விரல்கள் நின்றுவிட்டன.

“அக்கா, என்டர் தட்டிரவா?” என்று ஜெயப்பிரகாஷ் கையை நீட்டினான்.

“இரு. அவரு இன்னும் முடிக்கல.”

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய விரல் ஒன்று மெல்ல எழும்பி, கீபோர்டின் மேலேயே நின்று, அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.